ஃபுளோரன்ஸில் 3 ஹாஸ்டல், 11 இரவு

இத்தாலியில் இருக்கிற ஃபுளோரன்ஸுக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை ஜூன் மாதத்தில் தனியாக, அடுத்தது அக்டோபர் கடைசியில் தங்கையோடு, போன ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு. மூன்று முறையும் ஹாஸ்டல்தான், பயணிகள் மலிவாகக் கட்டில் எடுத்துத் தங்குகிற விடுதி, மொத்தம் 11 இரவு. தெரிந்தவர்கள் யாராவது அங்கே கிளம்பினால் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஹாஸ்டல் நல்லது என்பதுதான். நான் பெயர் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஹாஸ்டல் கைமாறும், மேனேஜர் மாறுவார், மெத்தை மாறும், நான் நல்லது என்று சொன்ன இடம் அடுத்த வருடமே மோசமாகியிருக்கும். தெருவும் சுவரும் படிக்கட்டும் மட்டும் அப்படியே இருக்கும். அவற்றைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதுகிறேன், மூன்று இடங்களிலும் எனக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபுளோரன்ஸில் கட்டிலுக்குக் கொடுக்கிற காசு விடியற்காலைக்குக் கொடுக்கிற காசு. காலை பத்து மணிக்கு மேல் துவோமோ பேராலயத்திலிருந்து போந்தே வெக்கியோ பாலம் வரைக்கும் போகிற தெருக்களில் கொடி பிடித்த கைடுகளும் அவர்கள் பின்னால் முப்பது நாற்பது பேருமாக நகரவே இடமிருக்காது. அதே தெருக்களில் காலை ஆறரைக்கு நடந்து பாருங்கள். குப்பை வண்டி ஒன்று போகும், நாயோடு ஒரு பெரியவர் வருவார், காப்பிக் கடைக்காரர் கதவைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி 1436-ல் கட்டி முடித்த பேராலயக் குவிமாடத்தைத் தெரு முனையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம், யாரும் தள்ளிவிட மாட்டார்கள். நாள் முழுக்கச் சுற்றினாலும் கிடைக்காத ஊர் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கிடைக்கும். அது வேண்டுமென்றால் கட்டில் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், ராத்திரி ஒழுங்காகத் தூங்கியிருக்கவும் வேண்டும். நீச்சல் குளம், மொட்டைமாடி பார், கூட்டமாகச் சேர்ந்து குடிக்கிற நிகழ்ச்சி இதெல்லாம் அப்புறம்தான்.

முதல் ஹாஸ்டல் சான் லொரென்ஸோ சந்தைக்குப் பக்கத்தில். சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்திலிருந்து நடந்து எட்டு நிமிடம், டார்ம் எனப்படும் எட்டுக் கட்டில் போட்ட பொது அறை, ஒரு ராத்திரிக்கு 31 யூரோ. ரயில் தாமதமாகி நான் இறங்கும்போது இரவு பதினோரு மணி. கையில் முகவரி இருந்தது, ஃபோனில் வரைபடம் இருந்தது, ஆனாலும் அந்தத் தெருவில் இருபது நிமிடம் மேலும் கீழுமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். காரணம் கதவு எண். ஃபுளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடும். குடியிருப்புகளுக்குக் கறுப்பு அல்லது நீலம், கடை, வியாபார இடங்களுக்குச் சிவப்பு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது, கறுப்பு 40 ஒரு இடத்தில் இருந்தால் சிவப்பு 40 தெருவின் வேறொரு கோடியில் இருக்கும். சிவப்பு எண்ணை எழுதும்போது பின்னால் ஆர் என்று ஒரு எழுத்துப் போடுவார்கள், சிவப்புக்கு இத்தாலிய மொழியில் ரோஸ்ஸோ, அதன் முதல் எழுத்து. என் முன்பதிவில் அந்த எழுத்து இருந்தது, நான்தான் அச்சுப்பிழை என்று விட்டுவிட்டேன். கறுப்பு எண் வாசலில் மணியை அடித்ததும் இரண்டாவது மாடியில் பச்சை நிறப் பலகைக் கதவு திறந்து ஒரு பாட்டி தலையை நீட்டினார். அந்த நேரத்தில் எழுப்பியதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ரோஸ்ஸோ, ரோஸ்ஸோ!" என்று சொல்லிக்கொண்டே கையை இடது பக்கமாக வீசிக் காட்டினார். நான் சரியான கதவுக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் ஜன்னலிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் பலகையைச் சாத்தினார். அதனால் முன்பதிவு கையில் வந்ததும் எண்ணுக்குப் பின்னால் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி வந்து சேருகிறவர்கள் ரிசப்ஷன் எத்தனை மணி வரை என்பதையும் பாருங்கள், எல்லா இடத்திலும் 24 மணி நேரமும் ஆள் இருக்க மாட்டார்கள், சில இடங்களில் நேரம் தாண்டி வந்தால் தனியாகப் பணம் கேட்பார்கள்.

கதவைக் கண்டுபிடித்ததும் படிக்கட்டு. இத்தாலியில் தரைத்தளத்தை எண்ணுவதில்லை, அதற்கு மேல் இருப்பதுதான் முதல் மாடி, இது நமக்கும் பழக்கம்தான். ஆனால் இந்தப் பழைய மாளிகைகளில் ஒவ்வொரு தளமும் உயரம், கூரை எங்கேயோ இருக்கும், அதனால் மூன்றாவது மாடி என்று படித்துவிட்டு மனதில் நினைத்துக்கொள்கிற படிகளைவிட நிறையப் படிகள் இருக்கும். அங்கே 88 படி, தேய்ந்து நடுவில் பள்ளமான கல் படி, லிஃப்ட் கிடையாது. 17 கிலோ பெட்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறினேன். விளம்பரத்தில் வரவேற்பறையையும் சிவப்பு சோஃபாவையும் எட்டுப் படம் போட்டிருந்தார்கள், படிக்கட்டின் படம் ஒன்றுகூட இல்லை. இப்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான், இல்லாவிட்டால் எத்தனை படி என்று எழுதிக் கேட்டுவிடுவேன்.

அறையைப் பற்றி. சுத்தமாக இருந்தது, அதில் குறை இல்லை. மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்த்தேன், மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஒன்றுமில்லை. எந்த ஊரில் எந்த ஹாஸ்டலில் நுழைந்தாலும் பையைக் கட்டிலில் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. எனக்குக் கிடைத்தது மேல் கட்டில். மேலே பிளக் பாயிண்ட் இல்லை, விளக்கு இல்லை, திரையும் இல்லை, கீழே படுத்திருப்பவர் புரண்டால் மேலே கட்டில் முழுவதும் முனகும். லாக்கர் இருந்தது, பூட்டு நாமே கொண்டுபோக வேண்டும், ரிசப்ஷனில் வாங்கினால் 5 யூரோ. துண்டுக்குத் தனியாக 3 யூரோ. இவையெல்லாம் சின்ன விஷயம், தெரிந்தால் கையோடு கொண்டுபோய்விடலாம்.

தெரியாமல் போனது இரண்டு. முதலாவது வெயில். ஃபுளோரன்ஸ் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிற ஊர், சுற்றிலும் குன்று, நடுவில் ஆர்னோ ஆறு. ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் பகலில் ஏறிய சூட்டைக் கல் சுவர் ராத்திரி முழுக்க வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஏசி உண்டு என்று போட்டிருந்தார்கள், உண்டுதான், ஆனால் அதைப் போடுவதும் நிறுத்துவதும் ரிசப்ஷன் கையில், இரவு ஒன்றரைக்கு நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்தால் கொசு. கோடையில் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை ஓடும் என்று கேளுங்கள்.

இரண்டாவது சத்தம். சான் லொரென்ஸோவைச் சுற்றித் தோல் பை, பெல்ட் விற்கிற தள்ளுவண்டிக் கடைகள் உண்டு. ராத்திரி அவற்றை எங்கேயோ ஒரு கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டு, விடிந்ததும் திரும்ப இழுத்து வருவார்கள். கனமான பெட்டி மாதிரியான வண்டி, இரும்புச் சட்டம், அடியில் சின்னச் சக்கரம், தெருவோ கல் பாவிய தெரு. கட்டிலில் படுத்திருக்கும்போது அது தூரத்தில் இடி மாதிரி ஆரம்பித்து, ஜன்னலுக்கு நேர்க் கீழே வரும்போது கட்டில் கம்பியில் அதிர்வு தெரியும், அது போய் முடிவதற்குள் அடுத்தது. காதில் பஞ்சு வைத்தும் பயனில்லை. நான்கு ராத்திரியில் ஒரே ஒரு நாள்தான் விடியற்காலையில் எழுந்து வெளியே போக முடிந்தது, மற்ற நாளெல்லாம் ஒன்பது மணிக்குக் கண் எரிச்சலோடு கூட்டத்தில் போய்க் கலந்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக அந்த இடத்தை எடுத்தேன். யோசித்துப் பார்த்தால் நிலையத்துக்கு நான் போவது வரும் நாளும் கிளம்பும் நாளும்தான், அதற்காக நடுவில் உள்ள எல்லா இரவையும் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அந்த இடத்துக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். கிளம்பும் நாளில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை மாலை வரை அங்கேயே இலவசமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், ரயில் நிலையத்தில் வைத்தால் மணிக்கணக்கில் காசு ஏறும். சந்தைக் கட்டடம் இரண்டு நிமிடத்தில். 1874-ல் திறந்த இரும்பும் கண்ணாடியுமான பெரிய கூடம் அது, மேல்மாடி சாப்பாட்டுக் கடைகள் சுற்றுலாக்காரர்களுக்கு, கீழ்த்தளத்தில் காலையில் ஊர்க்காரர்கள் காய்கறி வாங்குவார்கள், நான் பீச் பழமும் தக்காளியும் அங்கேதான் வாங்கினேன். அதிகாலை ரயில் பிடிக்கிறவர்கள், ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் தாராளமாக அந்தப் பக்கம் எடுக்கலாம். உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது தடவை தங்கையிடம் சொன்னேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எடுப்போம் என்று. ஓல்ட்ரார்னோ என்றால் ஆர்னோவுக்கு அப்பால் என்றே பொருள். சாந்தோ ஸ்பிரிதோ, சான் ஃபிரெதியானோ பகுதிகள் அங்கேதான். மரச் சட்டம் செய்கிறவர், நாற்காலிக்குப் பூச்சுப் போடுகிறவர், புத்தகம் கட்டுகிறவர் என்று கைவேலைப் பட்டறைகள் இன்னும் தெருவோரம் இருக்கின்றன, வார்னிஷ் வாசனையும் மரத்தூள் வாசனையும் நடக்கும்போதே வரும். ஹாஸ்டல் இருந்தது பழைய கன்னியர் மடம் ஒன்றில். இப்போது கன்னியாஸ்திரிகள் யாரும் இல்லை, கட்டடம் மட்டும்தான் அவர்களுடையது மாதிரி இருக்கிறது. நீள நடைக்கூடம், இரண்டு பக்கமும் சின்னக் கதவுகள், நடுவில் ஒரு எலுமிச்சைத் தொட்டி வைத்த முற்றம். சுவரின் கனத்தை ஜன்னல் குழியில் பார்க்கலாம், தங்கை அதில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்து ஃபோன் பேசினாள், வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் இந்தப் பக்கம் கேட்காது. ஆறு பேர் தங்குகிற, பெண்கள் மட்டும் அறை, ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 34 யூரோ.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாந்தோ ஸ்பிரிதோ சதுக்கத்தையே பார்த்தபடி அறை எடுக்காதீர்கள். பகலில் அது ஊரிலேயே எனக்குப் பிடித்த இடம், காலையில் நாலைந்து காய்கறிக் கடை, மரத்தடியில் பெஞ்சு, தேவாலயத்தின் முகப்போ எந்த அலங்காரமும் இல்லாமல் வெறும் பூச்சோடு நிற்கும். ராத்திரி அதே சதுக்கத்தின் தேவாலயப் படியில் நூறு பேர் உட்கார்ந்து ஒரு மணி வரை பேசிச் சிரிப்பார்கள், கிதார் வேறு. ஆற்றின் மறுகரையில் சாந்தா குரோச்சே பக்கமும், வியா தே பென்சி தெருவிலும் இதே கதைதான். இரண்டு தெரு தள்ளிப் போனால் போதும், அமைதி வந்துவிடும். நாங்கள் தள்ளித்தான் இருந்தோம்.

அங்கே குறை வேறு மாதிரி. குளிர். அக்டோபர் கடைசியில் பகலில் ஸ்வெட்டர் போதும், ராத்திரி அந்தக் கல் அறை ஐஸ்பெட்டி. ஹீட்டர் தகடு சுவரில் இருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது. ரிசப்ஷனில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். இத்தாலியில் கட்டடங்களைச் சூடாக்குவதற்குச் சட்டத்தில் தேதி உண்டு, ஊரின் தட்பவெப்பத்தைப் பொறுத்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஃபுளோரன்ஸ் இருக்கிற மண்டலத்தில் வழக்கமாக நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் போடலாம், அதுவும் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. ஹாஸ்டல்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கு இன்னொரு கம்பளி கொடுத்தார்கள், கனமான பழுப்புக் கம்பளி, கற்பூர உருண்டை வாசனை. அக்டோபர் பாதிக்கு மேலோ ஏப்ரல் கடைசியிலோ போகிறவர்கள் தடிமனான சாக்ஸும் படுக்கும்போது போட ஒரு முழுக்கைச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கட்டடமாக இருந்தால் கட்டாயம்.

இன்னொன்று, காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை அறையைச் சுத்தம் செய்வதற்காக எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சில ஹாஸ்டல்களில் இந்த வழக்கம் இன்னும் உண்டு. நமக்கு உடம்பு சரியில்லை என்றால் கஷ்டம்தான், ஆனால் அறை தினமும் துடைத்துச் சுத்தமாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். கன்னியாஸ்திரிகளே நடத்துகிற விடுதிகளும் ஊரில் உண்டு, அங்கே ராத்திரி இத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று இருக்கும். தனியாகப் போகிற பெண்களுக்கு அவை நல்ல இடம், நேரக் கட்டுப்பாடு ஒத்துவந்தால்.

சமையலறை இருந்தது பெரிய வரம். இத்தாலிய ஹாஸ்டல்களில் சமையலறை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பல இடங்களில் மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டும்தான், அதையும் சமையலறை என்றே எழுதுவார்கள். படத்தில் அடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். நாங்கள் சதுக்கத்துக் கடையில் தக்காளி, பூண்டு, வெள்ளை பீன்ஸ் வாங்கி ஆலிவ் எண்ணெயில் வதக்கி, ரொட்டியோடு சாப்பிட்டோம். தஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், முதல் வாயில் தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் உப்பும் உறைப்பும் உள்ள ஏதாவதோடு தொட்டுச் சாப்பிட்டால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று புரியும், நமக்குச் சோறு மாதிரி அது. வெளியே சாப்பிட்டாலும் சைவக்காரர்களுக்குக் கஷ்டமில்லை, ரொட்டியும் தக்காளியும் குழைய வேகவைத்த பாப்பா அல் பொமொதோரோ, பீன்ஸும் கீரையும் ரொட்டியும் சேர்ந்த ரிபோல்லிதா, இரண்டும் ஏழைகளின் வீட்டுச் சாப்பாடாக இருந்தவை, வயிறு நிரம்பும். ரிபோல்லிதாவில் சிலர் பன்றிக்கொழுப்புப் போடுவதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், பொதுக் குழாய்த் தண்ணீர் நல்லது.

அந்த நான்கு நாளும் எனக்கு நான்கு விடியற்காலை கிடைத்தது. அக்டோபரில் ஏழு மணிக்குக்கூட முழுதாக வெளுக்காது. ஹாஸ்டலிலிருந்து சாந்தா திரினிதா பாலம் ஆறு நிமிட நடை. 1944-ல் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை ஆர்னோவின் பாலங்களைத் தகர்த்தபோது விட்டுவைத்தது போந்தே வெக்கியோவை மட்டும்தான், இந்தப் பாலமும் அன்று விழுந்தது. பிறகு ஆற்றுக்குள் இறங்கிப் பழைய கற்களை எடுத்து அதே வடிவில் 1958-ல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நான்கு முனையிலும் நான்கு பருவங்களுக்குச் சிலை, அதில் வசந்தத்தின் தலை மட்டும் அகப்படாமல் இருந்து 1961-ல் ஆற்று மண்ணில் கிடைத்தது. கிட்டப் போய்க் கழுத்தைப் பார்த்தால் ஒட்டு தெரியும். அந்தச் சிலையின் பக்கத்தில் நின்று பார்த்தால் போந்தே வெக்கியோ முழுசாகத் தெரியும், அதன்மேல் நின்றால் அது தெரியாது. "அக்கா, ஒரு ஆள்கூட இல்லை பாரேன்" என்று தங்கை மெதுவாகத்தான் சொன்னாள், அந்த நேரத்தில் யாருக்கும் சத்தமாகப் பேசத் தோன்றாது. ராத்திரிக் குளிரெல்லாம் எனக்கு அங்கே மறந்துவிட்டது.

மூன்றாவது தடவை அம்மா. 64 வயது, முழங்கால் வலி. மேல் கட்டில், 88 படி, பொதுக் குளியலறை எதுவும் ஆகாது. ஹாஸ்டல் என்றாலே டார்ம் என்று நினைக்க வேண்டாம், பல ஹாஸ்டல்களில் இரண்டு கட்டில் போட்ட தனி அறை, உள்ளேயே குளியலறையோடு கிடைக்கும், விலை சின்ன ஹோட்டலைவிடக் கொஞ்சம் குறைவு. சில இடங்களில் டார்முக்கு வயது வரம்பும் உண்டு, 40-க்கு மேல் சேர்ப்பதில்லை என்று எழுதியிருப்பார்கள், பெரியவர்களோடு போகிறவர்கள் அதைப் படித்துவிடுங்கள். லிஃப்ட் வேண்டும் என்று தேடித் தேடி, கடைசியில் ஊருக்கு வெளியே ஸ்காண்டிச்சி பக்கம் டிராம் பாதையில் புதுக் கட்டடம் ஒன்றை எடுத்தேன். அகலமான லிஃப்ட், வெந்நீர் தட்டுத் தடங்கல் இல்லாமல், ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். இரண்டு பேருக்கு 72 யூரோ. அம்மா நன்றாகத் தூங்கினார்.

ஆனால் காலையில் டிராமுக்கு நடந்து, டிராமில் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து, நிலையத்தில் இறங்கி அங்கிருந்து நடந்து துவோமோவுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதே முக்கால், கொடி பிடித்தவர்கள் வந்தாயிற்று. அதைவிடப் பெரிய குறை மத்தியானம். பெரியவர்களுக்கு மதியம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அது இல்லாமல் சாயங்காலம் கிடையாது. ஊருக்குள் தங்கியிருந்தால் வந்து படுத்துவிட்டுப் போயிருக்கலாம். டிராமில் போய்த் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று யோசித்து இரண்டு நாளும் அம்மா சிக்னோரியா சதுக்கத்தின் மண்டபத்தில் கல் திண்ணையில் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சிற்பி செல்லினியின் பெர்ஸியஸ் சிலை, உலகத்தில் யாருக்கும் கிடைக்காத ஓய்விடம்தான், ஆனாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. படியைத் தவிர்க்கத் தூரத்தை வாங்கிக்கொண்டேன், இரண்டும் முழங்காலுக்குத்தான் வலி.

ஊருக்குள் என்றால் எது வரைக்கும்? எனக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1865 முதல் சில வருடங்கள் ஃபுளோரன்ஸ்தான் இத்தாலியின் தலைநகரம், அப்போது ஆற்றுக்கு வடக்கே இருந்த பழைய மதிலை இடித்து அதன் தடத்தில் அகலமான சாலைகள் போட்டார்கள், வியாலி என்று சொல்வார்கள். வரைபடத்தில் அந்த வளையம் பளிச்சென்று தெரியும். பழைய வாசல்கள் மட்டும் சாலை நடுவில் தனியாக நிற்கும். அந்த வளையத்துக்கு உள்ளே இருந்தால் எங்கிருந்தும் துவோமோவுக்கு நடந்துவிடலாம். தெற்கே மதில் பாதி இன்னும் இருக்கிறது, போர்த்தா ரோமானா வாசலுக்கு உள்பக்கம் என்றால் சரி. விளம்பரத்தில் மையப் பகுதி, அருகில், சில நிமிடத்தில் என்றெல்லாம் எழுதியிருப்பதை விட்டுவிட்டு இந்த வளையத்தைப் பாருங்கள். உள்ளே பொதுவாக வெளி வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, கேமரா உண்டு, வாடகைக் கார் எடுக்கிறவர்கள் ஜாக்கிரதை. விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 2019-லிருந்து டிராம் இருக்கிறது, டாக்ஸி தேவையில்லை.

தரைத்தளத்துக்குக் கீழே அறை என்றால் எடுக்காதீர்கள், செமிந்தெர்ராதோ என்று எழுதியிருப்பார்கள். சாந்தா குரோச்சே பக்கம் நடக்கும்போது வீட்டுச் சுவர்களில் தலைக்கு மேலே ஒரு கோடும் 4 நவம்பர் 1966 என்ற தேதியும் பொறித்த கல்லைப் பார்ப்பீர்கள், ஆர்னோ வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தது. அவ்வளவு தாழ்வான இடம். வெள்ளம் வருமென்று சொல்லவில்லை, ஈரமும் பூஞ்சை வாசனையும் நிச்சயம்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. இணையத்தில் காட்டுகிற விலையில் நகர வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஆளுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று ஹாஸ்டலில் தனியாக வாங்குவார்கள், தொடர்ந்து 7 இரவு வரைக்கும்தான் கணக்கு, அதற்கு மேல் தங்கினால் வரி இல்லை. ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் எல்லோரிடமும் கேட்பார்கள், விருந்தாளிகளின் விவரத்தைப் போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள் அனுப்புவது சட்டம். தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் சின் எனப்படும் தேசிய அடையாள எண் இப்போது கட்டாயம், விளம்பரத்திலும் வாசலிலும் இருக்க வேண்டும். அது இல்லாத மலிவான அறையைப் பார்த்தால் நான் கடந்து போய்விடுவேன்.

தேதியும் முக்கியம். ஜனவரியிலும் ஜூனிலும் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோர்தெஸ்ஸா தா பாஸ்ஸோ கோட்டையில் பிட்டி உவோமோ என்ற ஆடைக் கண்காட்சி நடக்கும், உலகம் முழுவதிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள், அந்த நாலைந்து நாளில் 30 யூரோ கட்டில் அறுபதுக்குப் போவதை நானே பார்த்தேன். ஈஸ்டர் வாரமும் அப்படித்தான். ஒரு வாரம் முன்னால் பின்னால் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் நீங்கள் போகப்போகிற மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் எடுத்து, சத்தம், படி, ஏசி, மூட்டைப்பூச்சி என்ற நான்கு சொல்லைத் தேடுங்கள். மார்ச்சில் தங்கியவர் கொடுத்த பத்துக்குப் பத்து ஜூலையில் போகிறவருக்கு உதவாது.

அம்மாவோடு கடைசி நாள். முந்தின ராத்திரியே சொல்லிவைத்து ஐந்தரைக்கு எழுந்து, ஆறு மணி வாக்கில் டிராம் பிடித்தோம். நாங்களும் இரண்டு துப்புரவுப் பணிப்பெண்களும் மட்டும். நிலையத்திலிருந்து மெதுவாக நடந்து சாந்தா திரினிதா பாலத்துக்கு வந்தபோது சூரியன் அப்போதுதான் போந்தே வெக்கியோவின் மஞ்சள் சுவர்களைத் தொட்டிருந்தது, ஆறு அசையாமல் கிடந்தது. அம்மா பாலத்தின் கல் கைப்பிடியில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏன்டி, தினமும் இதைப் பார்த்திருக்கலாமே, இங்கேயே கிட்டத்தில் இடம் இல்லையா?" என்றார்.

அதனால் இப்போது மறுபடி தேடிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மே மாதத்துக்கு. வளையத்துக்கு உள்ளே, முற்றத்தைப் பார்த்த ஜன்னல், தனி அறை, லிஃப்ட். இரண்டு இடங்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்றிலிருந்து நேற்று வந்தது: லிஃப்ட் உண்டு, ஆனால் அது முதல் மாடியிலிருந்துதான் தொடங்கும், அதற்கு முன்னால் 22 படி, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, பெட்டியை நாங்கள் தூக்கித் தருகிறோம். படிக்கட்டைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார்கள். அம்மாவிடம் காட்டினேன், பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டு எழுதியிருக்கிறேன்.